திறந்த மூல மென்பொருளில் பஞ்சாயத்து: குழு எப்போது தலையிட வேண்டும்?

(கணினி படிக்கும் மாணவர்களும் ஐ.டி. ஊழியர்களுமாகக் கூடிய ஒரு வாசிப்பு வட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



பஞ்சாயத்து என்ற சொல்லைக் கேட்டாலே நமக்கெல்லாம் ஒரு கசப்பு உண்டு. மரத்தடியில் நான்கைந்து பேர் உட்கார்ந்திருப்பார்கள். எதிரில் ஒருவன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்பான். தீர்ப்பு என்ன என்பது கூட்டம் கூடுவதற்கு முன்பே தெருவுக்கே தெரிந்திருக்கும். அதனால் "ஒரு குழு அமைப்போம், அதற்கு அதிகாரம் கொடுப்போம்" என்று யாராவது சொன்னால் நாம் உஷாராவது நியாயம்தான். அந்தச் சந்தேகத்தை விட்டுவிடாமலே கேளுங்கள். இன்று நான் பேசப் போவது திறந்த மூல மென்பொருள் திட்டங்களில் மூளும் சண்டைகளைப் பற்றி. அவற்றில் நிர்வாகக் குழு எப்போது உள்ளே வர வேண்டும், எப்போது கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும் என்பதைப் பற்றி.

துறைக்கு வெளியே இருக்கும் தோழர்களுக்காக முதலில் கொஞ்சம் விளக்கம். உங்கள் கையில் இருப்பது ஆண்ட்ராய்டு கைபேசி என்றால் அதன் அடியில் ஓடுவது லினக்ஸ். அதன் மூல நிரலை யாரும் படிக்கலாம், மாற்றலாம், பகிரலாம். ஒரு பிழையைக் கண்டுபிடித்துத் திருத்தம் எழுதி அனுப்பினால் அதற்குப் பெயர் பேட்ச். பேட்ச் யாரும் அனுப்பலாம். ஆனால் அதை ஏற்று மூல நிரலில் சேர்க்கும் உரிமை சிலருக்குத்தான் உண்டு. அவர்களை மெயின்டெயினர், அதாவது பராமரிப்பாளர் என்கிறோம். கோயில் பொது, கருவறைச் சாவி மட்டும் பொது இல்லை என்பது நமக்குப் பழகிய ஏற்பாடுதானே. இங்கே அந்தச் சாவி பிறப்பால் வருவதில்லை, உழைப்பால் வருகிறது என்பார்கள். பெருமளவு உண்மைதான். ஆனால் கூலியில்லாமல் நான்கைந்து வருடம் இரவெல்லாம் உட்கார்ந்து உழைக்க யாருக்கு முடியும், "இவரை எனக்குத் தெரியும், நம்பலாம்" என்று சொல்ல யாருக்கு ஆள் இருக்கிறது என்று கேட்டால் உண்மையின் மறுபாதியும் தெரியும்.

சண்டைகள் அங்கேதான் மூள்கின்றன. என் பேட்சை ஏன் எடுக்கவில்லை? இந்த வடிவமைப்பை யார் முடிவு செய்தது? என்னிடம் ஏன் இப்படிப் பேசினார்? இவற்றுக்கெல்லாம் இந்த உலகத்தில் பல வருடமாக ஒரே பதில்தான் இருந்தது: பிடிக்கவில்லையா, ஃபோர்க் செய்துகொள்.

ஃபோர்க் என்றால் மொத்த நிரலையும் படியெடுத்துத் தனித் திட்டமாக நடத்துவது. உரிமம் அதை அனுமதிக்கிறது. இந்த உரிமையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. 2014 டிசம்பரில் நோட் ஜேஎஸ் திட்டத்தில் ஒரு நிறுவனத்தின் பிடி இறுகியிருக்கிறது என்று அதிருப்தி அடைந்தவர்கள் ஐஓ ஜேஎஸ் என்று பிரிந்து போனார்கள். அடுத்த வருடமே இரண்டும் இணைந்தன, நிர்வாக முறையும் மாறியது. அந்த ஃபோர்க் வேலை செய்தது. ஏன் வேலை செய்தது? பிரிந்தவர்கள் அந்தத் திட்டத்தின் தூண்களாக இருந்தவர்கள். அவர்கள் போனால் வீடு சாயும். நேற்று வந்து மூன்று பேட்ச் அனுப்பிய ஒரு மாணவியிடம் "ஃபோர்க் செய்துகொள்" என்பதற்கு வேறு பொருள். படியெடுப்பது ஒரு நிமிட வேலை. திட்டத்தின் பெயரும் வலைத்தளமும் பயனர்களும் பத்து வருட நம்பிக்கையும் அந்தப் படியோடு வராது. "ஊர் பிடிக்கவில்லை என்றால் காலி செய்துகொண்டு போ" என்பவன் ஊரில் நிலம் வைத்திருப்பவன்தான்.

ஆகவே ஊருக்குள்ளேயே தீர்க்க ஒரு முறை வேண்டும். இதில் நான் அதிகம் மதிக்கும் முன்னுதாரணம் டெபியன். பெயர் கேள்விப்படாதவர்களுக்கு: லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட இயங்குதளம், 1993-இல் தொடங்கியது, உபுண்டுவுக்கு அடித்தளம். இதை எந்த நிறுவனமும் சொந்தம் கொண்டாடவில்லை, தன்னார்வலர்கள் நடத்துகிறார்கள். 1998 டிசம்பரில் அவர்கள் தங்களுக்கென்று ஓர் அரசமைப்புச் சட்டமே எழுதி ஏற்றுக்கொண்டார்கள். அதில் தொழில்நுட்பக் குழு என்று ஒன்று உண்டு. அதிகபட்சம் எட்டுப் பேர். அந்தக் குழுவுக்கு அதிகாரம் கொடுத்த கையோடு அதன் கையைக் கட்டியும் வைத்தார்கள். எனக்குப் பிடித்தது அந்தப் பகுதிதான். சம்பந்தப்பட்டவர்கள் பேசித் தீர்க்க முயன்று தோற்றிருக்க வேண்டும், அல்லது முடிவெடுக்க வேண்டியவரே "நீங்கள் முடிவு செய்யுங்கள்" என்று கேட்டிருக்க வேண்டும்; அதற்குப் பிறகுதான் குழு வாய் திறக்கலாம். தன் சொந்த வடிவமைப்பைப் புகுத்தக் கூடாது. ஏற்கெனவே வேறிடத்தில் முன்வைத்து விவாதிக்கப்பட்டவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம், அல்லது அவற்றுக்கிடையே சமரசம் காணலாம். ஒரு பராமரிப்பாளரின் முடிவைத் தள்ளிப்போட வேண்டுமென்றால் சாதாரணப் பெரும்பான்மை போதாது, மூன்றுக்கு ஒன்று வேண்டும். விவாதமும் வாக்கும் எல்லோரும் படிக்கும்படி பொதுவில் நடக்க வேண்டும்.

இதெல்லாம் ஏட்டில் நன்றாகத்தான் இருக்கும், சோதனை வந்தால்? வந்தது. கணினியை இயக்கியதும் எல்லாவற்றுக்கும் முன்பாக ஓடத் தொடங்கி மற்ற எல்லாவற்றையும் எழுப்பிவிடும் ஒரு நிரல் உண்டு. அதை இனிட் என்கிறார்கள். பழையதை விட்டுவிட்டு எதற்கு மாறுவது என்பதில் டெபியன் இரண்டாக உடைந்தது. ஒரு பக்கம் சிஸ்டம்-டி, இன்னொரு பக்கம் உபுண்டுவை வெளியிடும் கனானிக்கல் நிறுவனத்தின் அப்ஸ்டார்ட். மாதக்கணக்கில் மின்னஞ்சல்கள் பறந்தன. யாரும் யாரையும் ஒத்துக்கொள்ள வைக்க முடியவில்லை. 2013 அக்டோபரில் விவகாரம் குழுவிடம் போனது. குழு உறுப்பினர்களில் சிலர் கனானிக்கல் ஊழியர்கள் என்ற பேச்சும் கிளம்பியது. 2014 பிப்ரவரியில் வாக்கெடுத்தார்கள். எட்டுப் பேர் குழு நான்குக்கு நான்கு என்று நின்றது. தலைவர் தன் முடிவு வாக்கைப் போட்டு சிஸ்டம்-டி என்று அறிவித்தார்.

அதோடு சண்டை ஓயவில்லை. அந்த நவம்பரில் குழுவிலிருந்தே மூன்று பேர் விலகினார்கள். நெடுங்காலம் உழைத்த ஒரு உறுப்பினர் டெபியனையே விட்டுப் போனார். தோற்ற தரப்பில் ஒரு பகுதி தேவுவான் என்ற பெயரில் ஃபோர்க் அறிவித்தது. அவர்களின் முதல் நிலையான பதிப்பு 2017-இல்தான் வந்தது என்பதிலிருந்து ஃபோர்க் என்ன விலை கேட்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். இதற்கிடையில் பொது வாக்கெடுப்பு ஒன்றும் நடந்தது. வாக்களித்து அவர்கள் எடுத்த முடிவு: இதற்கு வாக்கெடுப்பே தேவையில்லை. நம் ஊர் சங்கத் தேர்தல்களில்கூட இப்படி ஒரு கூத்தைப் பார்க்க முடியாது.

இதைத் தோல்விக் கதையாகச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. யார் முடிவெடுத்தார்கள், யார் எந்தப் பக்கம் வாக்களித்தார்கள், என்ன காரணம் சொன்னார்கள் என்பதை இன்றைக்கும் யாரும் போய்ப் படிக்கலாம். தங்கள் முடிவைப் பொது வாக்கெடுப்பு மாற்றலாம் என்று அந்தத் தீர்மானத்திலேயே எழுதி வைத்தார்கள். குழுவில் ஒரே ஆட்கள் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்திருக்கக் கூடாது என்று அதே வருட டிசம்பரில் பதவிக்காலத்துக்கு வரம்பு வைத்தார்கள். தோற்றவர்களுக்குக் கோபம் இருந்தது. "எனக்குத் தெரியாமல் யாரோ எங்கேயோ முடிவு செய்துவிட்டார்கள்" என்று சொல்லும் நிலை மட்டும் அவர்களுக்கு இல்லை. பஞ்சாயத்தில் நமக்கு எப்போதுமே மறுக்கப்பட்டது எது என்று யோசித்தால் இதன் மதிப்பு தெரியும்.

பைத்தான் மொழியிலும் இதே பாடம்தான், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அதை உருவாக்கிய கீடோ வான் ரோஸம் பல ஆண்டுகள் "வாழ்நாள் முழுவதற்குமான கருணையுள்ள சர்வாதிகாரி" என்ற பட்டத்தோடு இருந்தார். வேடிக்கையாக வைத்த பட்டம்தான், ஆனால் அதிகாரம் வேடிக்கை இல்லை. கடைசிச் சொல் அவருடையது. 2018 ஜூலையில், ஒரு சிறிய இலக்கணக் குறியீட்டைச் சேர்ப்பதா என்ற சண்டையில் களைத்துப்போய், வாரிசு யாரையும் நியமிக்காமல் அந்த இடத்திலிருந்து இறங்கினார். மற்றவர்கள் கூடிப் பல முறைகளை எழுதி வைத்து வாக்களித்து ஒன்றைத் தேர்ந்தார்கள்: ஐந்து பேர் கொண்ட வழிநடத்தும் குழு. ஆமாம், சரியாக ஐந்து பேர், அசல் பஞ்சாயத்து! ஒரே முதலாளியிடம் வேலை பார்ப்பவர்கள் இரண்டு பேருக்கு மேல் அதில் இருக்க முடியாது. அதிகாரங்களை எவ்வளவு குறைவாகப் பயன்படுத்த முடியுமோ அவ்வளவு குறைவாகப் பயன்படுத்தப் பார்க்க வேண்டும் என்றும் அந்த விதி சொல்கிறது.

இதுவரை நான் சொன்னவை நிரலைப் பற்றிய சண்டைகள். இவற்றில் குழு தாமதமாக வருவதுதான் நல்லது. கிட்டத்தட்ட சம பலம் உள்ள இரண்டு பேர் வடிவமைப்பைப் பற்றி ஆறு மாதம் மோதிக்கொண்டால் யாருடைய மானமும் போய்விடாது. பெரும்பாலும் அந்த மோதலில்தான் நல்ல நிரலே பிறக்கிறது. மூன்றாவது ஆட்களின் வேலை அதனால் முடங்கிக் கிடக்கும்போது, ஒரு வெளியீடு நின்றுபோகும்போது, அவர்களே வந்து கேட்கும்போது, குழு வந்து மேசையில் இருப்பதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்துவிட்டுப் போனால் போதும்.

சிக்கல் எங்கே என்றால், எந்தச் சண்டை நிரலைப் பற்றியது, எது ஆளைப் பற்றியது என்று பிரிப்பது யார்?

சில ஆண்டுகளுக்கு முன் நான் பங்களித்துக்கொண்டிருந்த ஒரு திட்டத்தில் நடந்ததைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். அரசுப் பொறியியல் கல்லூரி மாணவர் ஒருவர், குடும்பத்தில் முதல் பட்டதாரி, தேதிகளைத் தவறாகக் காட்டும் பிழை ஒன்றுக்குப் பேட்ச் அனுப்பினார். நல்ல பேட்ச். அதைப் பரிசீலித்தவரும் நம் நாட்டுக்காரர்தான். தனிச்செய்தியில் முதலில் "முழுப் பெயர் என்ன" என்று கேட்டார். பிறகு சொந்த ஊர். பிறகு அப்பா என்ன செய்கிறார். அந்த வரிசையில் கேட்டால் எதற்கு என்று இந்த அறையில் யாருக்கும் நான் விளக்கத் தேவையில்லை. அதற்கடுத்த பேட்சிலிருந்து தொனி மாறியது. இடைவெளி சரியில்லை, மாறிக்குப் பெயர் சரியில்லை, மறுபடி எழுது, மறுபடி எழுது. ஒரு நாள் பொதுவில் எழுதினார்: "தரம் இல்லாமல் உள்ளே விட இது அரசு வேலை இல்லை."

மாணவர் குழுவுக்குப் புகார் எழுதினார். குழுவில் இருந்தவர்கள் மூன்று கண்டங்களைச் சேர்ந்தவர்கள், ஒருவரும் கெட்டவர் இல்லை. "அரசு வேலை" என்ற சொல்லை அவர்கள் அலட்சியமான வேலை என்று படித்தார்கள். வந்த பதில்: இது நிரலின் தரம் பற்றிய கருத்து வேறுபாடு, பராமரிப்பாளரின் தொழில்நுட்ப முடிவில் நாங்கள் தலையிடுவதில்லை. அந்தச் சொல்லுக்கு எங்கள் ஊரில் என்ன பொருள், இட ஒதுக்கீடு என்றால் என்ன, முழுப் பெயரை ஏன் கேட்பார்கள் என்று நான் இரண்டு பக்கம் எழுதி அனுப்பினேன். ஐந்து வாரம் கழித்து, தனிச்செய்திகள் திட்டத்தின் எல்லைக்குள் வராது என்று ஒரு வரி வந்தது. அந்த மாணவர் அதற்குள் போய்விட்டிருந்தார். இப்போது நல்ல வேலையில் இருக்கிறார், அடிக்கடி பேசுவோம். அந்தத் திட்டத்தின் பெயரை எடுத்தால் மட்டும் பேச்சை மாற்றுவார். தேதிப் பிழையை அடுத்த வருடம் வேறொருவர் சரிசெய்தார்.

அந்தக் குழு தன்னை நடுநிலை என்றே நினைத்துக்கொண்டிருக்கும். டெபியன் விதியில் இருக்கும் அந்த நல்ல பண்பு, அதாவது பராமரிப்பாளரின் முடிவை எளிதில் புரட்டிப் போடாதே என்பது, இங்கே பூட்டாக மாறிவிட்டது. சாவி வைத்திருப்பவரே சண்டையில் ஒரு தரப்பாக இருந்தால், குழு ஒதுங்கி நிற்கும் ஒவ்வொரு நாளும் முடிவு அவர் பக்கம்தான். காத்திருப்பதன் செலவை ஒருவர் மட்டுமே கட்டுகிறார். எனவே என் நிலை இதுதான்: பலம் சமமாக இல்லாத இடத்தில் குழு உடனே வர வேண்டும். வந்து தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்று இல்லை. கேட்க வேண்டும். பேட்சை வேறொருவர் பரிசீலிக்கட்டும் என்று மாற்றிவிடுவதற்கு விசாரணையே தேவையில்லை. அன்று மாலையே செய்யலாம்.

உடனே ஒரு கேள்வி வரும்: குழுவே அத்துமீறினால்? நல்ல கேள்வி. அதற்கு ரஸ்ட் மொழியின் கதையைப் பார்க்க வேண்டும்.

ரஸ்ட் திட்டத்தில் நடத்தை விதிகளை அமல்படுத்த மாடரேஷன் குழு என்று ஒன்று இருந்தது. மேலே மையக் குழு. 2021 நவம்பர் 22 அன்று மாடரேஷன் குழு ஒட்டுமொத்தமாகப் பதவி விலகியது. மையக் குழு தன்னைத் தவிர யாருக்கும் பதில் சொல்லத் தேவையில்லாத இடத்தில் தன்னை வைத்துக்கொண்டிருக்கிறது, அதனால் விதிகளை எல்லோருக்கும் ஒரே மாதிரி அமல்படுத்த எங்களால் முடியவில்லை என்பதுதான் அவர்கள் சொன்ன காரணம். என்ன நடந்தது என்ற விவரத்தை அவர்கள் சொல்லவில்லை. விதி எல்லோருக்கும் உண்டு, அதை எழுதியவர்களுக்கு மட்டும் இல்லை. எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா?

பழைய அமைப்பு போய்ப் புதியது வருவதற்கு முன்பான இடைக்காலத்தில், ஒரு தற்காலிகத் தலைமைக் குழு ஓர் உள் அரட்டைக் குழுவில் கூடி வேலை பார்த்தது. 2023 மாநாட்டில் மைய உரை ஆற்ற ஷான்ஹெய்ட் மெனெய்ட் என்ற நிரலாளர் அழைக்கப்பட்டார். சி மொழியின் உலகத் தரநிலைக்குத் தொகுப்பாளராக இருப்பவர் அவர். அழைத்த பிறகு, தலைமைக் குழுவில் சிலருக்கு அவர் பேசவிருந்த தொழில்நுட்பத் தலைப்பில் சங்கடம். முறையான நடைமுறை எதுவும் இல்லாமலே மாநாட்டு அமைப்பாளர்களுக்குத் தகவல் போனது. மைய உரை சாதாரண உரையாக இறக்கப்பட்டது என்று அவரிடம் சொன்னார்கள். யார் ஆட்சேபித்தார்கள், என்ன காரணம் என்று அவருக்கு யாரும் நேராகச் சொல்லவில்லை. அந்த மே மாதம் அவர் மாநாட்டிலிருந்தே விலகி, நடந்ததைப் பொதுவில் எழுதினார். தலைமையில் இருந்த ஒருவர் இதை எதிர்த்துப் பதவி விலகினார். திட்டம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது. அடுத்த மாதம், ஒவ்வொரு பிரிவும் தன் பிரதிநிதியை அனுப்பும் தலைமை அவை ஒன்று உருவாகி மையக் குழுவின் இடத்தை எடுத்துக்கொண்டது.

இதில் என்னை உறுத்துவது இதுதான்: அங்கே தலையீடு நடந்தது, ஆனால் தலையிட்டவர் என்று யாரும் இல்லை. கூட்டம் கூடவில்லை, ஒரு முடிவாக எதுவும் எழுதப்படவில்லை. "சிலருக்குச் சங்கடம்" என்பது மட்டும் கைமாறிக் கைமாறிப் போய்க் கடைசியில் ஒருவர் முகத்தில் அறைந்தது. அமெரிக்கப் பெண்ணியவாதி ஜோ ஃப்ரீமன் 1970-களின் தொடக்கத்தில் இதைப் பற்றி ஒரு கட்டுரையே எழுதினார். எங்கள் குழுவில் தலைவரும் இல்லை, கட்டமைப்பும் இல்லை என்று பெருமைப்படும் இடங்களில் நண்பர் வட்டமே தலைமையாகிவிடும், அந்தத் தலைமையை யாரும் கேள்வி கேட்கவோ இறக்கவோ முடியாது என்று பெண்கள் இயக்கத்துக்குள் இருந்துகொண்டே சொன்னார். தோழர்கள் தேடிப் படிக்க வேண்டும், நம் இயக்கங்களுக்கும் சேர்த்துத்தான்.

குழுவே இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு வேர்ட்பிரஸ் சாட்சி. அதை உருவாக்கியவர்களில் ஒருவருக்கும் ஒரு ஹோஸ்டிங் நிறுவனத்துக்கும் 2024-இல் சண்டை. அக்டோபரில், அந்த நிறுவனத்தின் கையில் இருந்த, ஏராளமான தளங்கள் பயன்படுத்தும் ஒரு செருகுநிரலின் பக்கத்தையே வேர்ட்பிரஸ் தளம் தன்வசம் எடுத்துக்கொண்டது. இதைத் தடுக்கவோ "கொஞ்சம் பொறுங்கள்" என்று சொல்லவோ உள்ளே அதிகாரமுள்ள ஓர் அவை கிடையாது. டிசம்பரில் அமெரிக்க நீதிமன்றம் தடை உத்தரவு போட வேண்டியதாயிற்று. நீதிமன்றம் போக அந்த நிறுவனத்திடம் பணம் இருந்தது. நம் மாணவரிடம் இல்லை.

இனி சாதி. நடத்தை விதிகள் என்று சொன்னேனே, ஏராளமான திட்டங்கள் அப்படியே எடுத்துக்கொள்ளும் ஒரு வரைவு இருக்கிறது, கான்ட்ரிபியூட்டர் கவனன்ட் என்று பெயர். யாரும் இன்ன இன்ன காரணத்தால் துன்புறுத்தப்படக் கூடாது என்று அதில் ஒரு பட்டியல் உண்டு. 2021-இல் வந்த 2.1 பதிப்பில் அந்தப் பட்டியலில் இனம், நிறம், மதம் இவற்றோடு சாதியும் இடம்பெற்றது. லினக்ஸ் கெர்னல் 2018 செப்டம்பரில் எடுத்துக்கொண்டது பழைய 1.4 பதிப்பைத் தழுவியது. அந்தப் பட்டியலில் சாதி இல்லை. நீங்கள் பங்களிக்கும் திட்டத்தில் எந்தப் பதிப்பு என்று இன்றிரவு பாருங்கள். பழையது என்றால் மாற்றச் சொல்லி ஒரு பேட்ச் அனுப்புங்கள், ஒரு சொல் சேர்க்கும் பேட்ச். யார் எதிர்க்கிறார்கள், என்ன காரணம் சொல்கிறார்கள் என்பதே உங்களுக்குப் பாதிக் கதையைச் சொல்லிவிடும்.

ஆனால் சொல் மட்டும் போதாது. அந்தச் சொல்லைப் படிக்கத் தெரிந்த காது குழுவில் இருக்க வேண்டும். நான் சொன்ன மாணவரின் புகாரில் சாதி என்ற சொல் எங்கேயும் வரவில்லை. அவர் எழுதவில்லை, அவரைச் சீண்டியவரும் எழுதவில்லை. நம் ஊரில் அது அப்படித்தான் நடக்கும். உலகின் மறுமூலையில் இருக்கும் ஒருவர் இதைத் தானாகக் கண்டுபிடிப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. "எனக்கு இந்த ஊர் நிலவரம் தெரியாது, தெரிந்த ஒருவரைக் கேட்கிறேன்" என்று சொல்லும் பணிவையாவது எதிர்பார்க்கலாம். அப்படிக் கேட்கப் போகும்போது, அதே ஊரின் ஆதிக்கசாதிக்காரரிடமே போய்க் கேட்டுவிட்டு "விசாரித்தோம், அப்படி எதுவும் இல்லையாம்" என்று வந்து நிற்கவும் கூடாது.

இன்னொரு ஆபத்தும் உண்டு. குழுக்கள் பெரும்பாலும் தொனியை வைத்துத்தான் நடத்தையை அளக்கின்றன. காயப்படுத்துபவர் மிக நாகரிகமான மொழியில் எழுதுவார், படித்தவர் அல்லவா. காயப்பட்டவர் நான்காவது முறை பொறுமை இழந்து ஒரு வசைச்சொல்லை எழுதிவிடுவார். மறுநாள் நடவடிக்கை அவர் மேல் பாயும். அதிகாரம் உள்ளவர்களும் புகார் எழுதத் தெரிந்தவர்கள்தான் என்பதைக் குழு மறக்கவே கூடாது. "இரு தரப்பையும் உட்கார வைத்துப் பேசிவிடுவோம்" என்பதும் அப்படித்தான். சமமானவர்களுக்கிடையே அது அருமையான வழி. மற்ற இடத்தில் "ஊரோடு ஒத்துப் போ" என்பதன் புது வடிவம்.

அதற்காகப் பெரிய ஆட்களைக் கண்டால் குழுக்கள் எப்போதும் பின்வாங்கும் என்றும் சொல்ல முடியாது. 2024 நவம்பரில் லினக்ஸ் கெர்னலில் ஒரு கோப்பு அமைப்பின் பராமரிப்பாளர், சக நிரலாளரை மின்னஞ்சலில் இழிவாகப் பேசினார். பகிரங்கமாக மன்னிப்புக் கேட்கவும் மறுத்தார். நடத்தை விதிக் குழு, 6.13 பதிப்பின் உருவாக்கக் காலம் முழுக்க அவருடைய பங்கேற்பைக் கட்டுப்படுத்தப் பரிந்துரைத்தது. மேலே இருந்த அவை ஒப்புக்கொண்டது. அந்தத் தண்டனை சரியா, போதுமா என்பதில் இன்றும் வாதம் உண்டு. என்ன தவறு, என்ன தண்டனை, எதுவரை என்பது பொதுவில் தெரிந்தது. அதை நான் பெரிதாக நினைக்கிறேன். ரகசியம் காக்க வேண்டியது புகார் கொடுத்தவரின் பெயரை. அந்தத் திரைக்குப் பின்னால் குழு தன் காரணங்களையும் ஒளித்துக்கொள்ளப் பார்க்கும், விடக் கூடாது. சண்டையில் குழு உறுப்பினரே ஒரு தரப்பு என்றால் அவர் அந்த அறையில் இருக்கவே கூடாது. இதைச் சொல்ல வேண்டியிருப்பதே வெட்கம்தான், ஆனால் எழுதி வைக்காத இடத்தில் யாரும் தானாக எழுந்து போனதில்லை.

இவ்வளவு பெரிய திட்டங்களைப் பேசிவிட்டு நம் வீட்டைப் பேசாமல் போகக் கூடாது. எழுத்துரு, பிழைதிருத்தி, அகராதிச் செயலி, மொழிபெயர்ப்பு என்று தமிழிலும் கட்டற்ற மென்பொருள் வேலைகள் நடக்கின்றன. பெரும்பாலும் இரண்டு பேர், மூன்று பேர். அவர்களுக்கு அரசமைப்புச் சட்டமோ ஐவர் குழுவோ வேண்டியதில்லை, கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் கடவுச்சொல் ஒரே ஆளிடம் இருந்தால் அங்கே குழு ஏற்கெனவே இருக்கிறது, அதில் ஒரே உறுப்பினர், ஆயுட்காலப் பதவி. சாவியை இன்னும் இரண்டு பேரிடம் கொடுங்கள். அதில் ஒருவராவது உங்கள் கல்லூரி நண்பராக, உங்கள் ஊர்க்காரராக இல்லாதவராக இருக்கட்டும். பிரச்சினை என்றால் யாருக்கு எழுத வேண்டும், அவரைப் பற்றியே பிரச்சினை என்றால் யாருக்கு எழுத வேண்டும் என்று இரண்டு முகவரியை முகப்பில் போடுங்கள். பெரிய திட்டங்கள் பலவற்றில் இந்த இரண்டாவது முகவரியைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

ஒதுக்கிய நேரம் தாண்டிவிட்டது. பைத்தான் குழுவுக்கு வாக்களிக்க முடிவது மையப் பங்களிப்பாளர்களுக்கு மட்டும்தானே, வெளியிலிருந்து பேட்ச் அனுப்புபவர்களுக்கு என்ன குரல் என்று ஒரு தோழர் நடுவிலேயே துண்டுச் சீட்டு அனுப்பியிருக்கிறார். அதிலிருந்தே கேள்விகளைத் தொடங்கலாம்.